அப்பாவின் பையில் இருந்த பதினான்கு மாடிக் கட்டடம்: பழையபேட்டை ஸ்டுடியோ ஒன்றின் புகைப்படச் சீரமைப்பு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில், ஒரு பாத்திரக்கடையின் மேல்மாடியில், பாஸ்போர்ட் அளவுப் படங்களும் பள்ளிப் பிள்ளைகளின் அடையாள அட்டைக்கான படங்களும் எடுத்துத் தரும் சிறிய ஸ்டுடியோ ஒன்று இருக்கிறது. அதன் உரிமையாளர் பழைய புகைப்படங்களைச் சீரமைக்கும் வேலையையும் செய்கிறார் என்று என்னிடம் படித்த மாணவி ஒருத்தி சொன்னதால் அங்கே போனேன். கடந்த மூன்று மாதங்களில் இரண்டு படங்களை அவரிடம் கொடுத்து வாங்கியிருக்கிறேன். அந்த வேலை எப்படி இருந்தது, என்ன செலவானது, எங்கே குறை பட்டேன் என்பதை எழுதுகிறேன். தனியாளாக இருப்பதால் மாதத்துக்கு நான்கைந்து பழைய படங்களுக்கு மேல் ஏற்க முடியாது, ஆகவே கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். தேடிப் போகிறவர்கள் அந்தத் தெருவில் விசாரித்தால் யாரும் வழி காட்டுவார்கள்.

முதல் படம் 1961ஆம் ஆண்டு சென்னை மவுண்ட் ரோட்டில் எடுத்தது. என் அப்பா அப்போது ஆயுள் காப்பீட்டு முகவர். கிருஷ்ணகிரிக்கு அன்றும் ரயில் இல்லை. திருப்பத்தூரிலிருந்து இங்கே வந்துகொண்டிருந்த குறுகிய பாதை ரயிலை 1941இலேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் ஜோலார்பேட்டை வரை பேருந்தில் போய், அங்கிருந்து ரயில் ஏறி, முகவர் கூட்டம் ஒன்றுக்காக அவர் சென்னை சென்றிருக்கிறார். உடன் வந்த முகவர் ஒருவர் பெட்டிக் கேமராவில் படம் எடுத்திருக்கிறார். ஆறு சென்டிமீட்டருக்கு ஒன்பது சென்டிமீட்டர் அளவில், நெகட்டிவைத் தாளின் மேல் நேராக வைத்து எடுத்த பிரதி அது. வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, தோல் பையைக் கக்கத்தில் இடுக்கியபடி அப்பா நடைபாதையில் நிற்கிறார். அவர் உருவம் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. பின்னால் எழுந்து நிற்கும் கட்டடத்தின் உச்சி வரை படத்துக்குள் வரவேண்டும் என்று அவரே சொல்லி, படம் எடுப்பவரைச் சாலைக்கு எதிர்ப்புறம் அனுப்பியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டடம் எல்.ஐ.சி. கட்டடம். எங்கள் ஊர்க்காரர்கள் வாயில் அது இன்றும் பதினான்கு மாடிக் கட்டடம்தான்.

இந்தப் படத்தை முதலில் வேறோர் ஊரில் உள்ள ஒரு கடையில் கொடுத்தேன். அரை மணி நேரத்தில், வண்ணத்தில், சுவர் அளவுக்குப் பெரிதாக்கித் தந்தார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் போட்டு எடுத்ததாகச் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மூலப்படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மனம் ஆறவில்லை. கட்டடத்தில் மூலத்தில் இருப்பதைவிட மூன்று சன்னல் வரிசைகள் கூடுதலாக இருந்தன. சுவர் முழுவதும் நீலக் கண்ணாடி போர்த்தி, பெங்களூரின் கணினி நிறுவனக் கட்டடம் ஒன்றைக் கொண்டுவந்து மவுண்ட் ரோட்டில் நட்டதுபோல் இருந்தது. அப்பாவின் முகம் வேறு யாருடைய முகமோ ஆகியிருந்தது. சட்டைப் பையில் செருகியிருந்த பேனா காணாமல் போயிருந்தது. அந்தக் கடையில் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், பணமும் குறைவுதான். ஆனால் அப்பா போய் நின்ற இடத்தின் படம் என்று அதை என்னால் மாட்டி வைக்க முடியவில்லை.

பழையபேட்டைக்காரர் படத்தைக் கையில் வாங்கியதும் பெருக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசாமல் பார்த்தார். பிறகு, “டீச்சர், இது எந்த வருஷம் எடுத்ததுங்க? பின்னாடி ஏதாவது எழுதியிருக்கா?” என்று கேட்டார். விலை பேசுவதற்கு முன்னால் வந்த கேள்வி அது. அந்தக் கேள்விக்காகவே அவரிடம் கொடுத்தேன் என்று சொல்லலாம். ஏன் ஆண்டு வேண்டும் என்று நான் கேட்டதற்கு, கட்டடங்கள் ஒரே மாதிரி நிற்பதில்லை, தீப்பிடித்திருக்கும், வண்ணம் மாறியிருக்கும், பெயர்ப்பலகை வந்திருக்கும் போயிருக்கும், இன்றைய படத்தைப் பார்த்து அன்றைய படத்தை நிரப்பினால் பொய்யாகிவிடும் என்றார். அவருடைய வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும்.

அவர் சொன்னது அந்தக் கட்டடத்துக்கு முழுமையாகப் பொருந்தும். எல்.ஐ.சி.க்காகத் தொடங்கப்பட்ட கட்டடமே அல்ல அது. 1906இல் சென்னையில் தொடங்கப்பட்ட யுனைட்டெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தனக்கெனக் கட்டத் தொடங்கியது. வேலை 1953இல் ஆரம்பமாயிற்று. நிறுவனத்தின் பின்னால் இருந்தவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவரும் அவரே. கட்டடம் தரையை விட்டு எழுவதற்குள், 1954 மார்ச்சில், சிங்கப்பூரில் தரையிறங்கிய விமானம் விபத்துக்குள்ளாகி அவர் இறந்துபோனார். வரைபடம் லண்டனைச் சேர்ந்த பிரவுன், மவ்லின் ஆகியோருடையது. வேலையைப் பின்னர் ஏற்று முடித்தவர் சென்னையின் கட்டடக் கலைஞர் எல்.எம். சித்தலே. பதினெட்டு மாடி என்று போட்ட திட்டம் இடையில் குறைக்கப்பட்டது. அப்பா 1952 முதல் யுனைட்டெட் இந்தியாவின் முகவராக இருந்ததால் இந்தப் பதினெட்டு மாடிக் கணக்கை எங்களிடம் பல முறை சொல்லியிருக்கிறார். அந்த நான்கு மாடிகள் தம்முடைய வீட்டிலிருந்து குறைக்கப்பட்டதைப் போன்ற வருத்தம் அவர் குரலில் இருக்கும்.

1956 ஜனவரியில் ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு கைக்கொண்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி, 154 இந்திய நிறுவனங்களும் 16 அயல்நாட்டு நிறுவனங்களும் 75 சேமநிதிச் சங்கங்களும், ஆக 245 அமைப்புகள், ஒன்றாக்கப்பட்டு ஆயுள் காப்பீட்டுக் கழகம், அதாவது எல்.ஐ.சி., பிறந்தது. அதன் மூலதனம் ஐந்து கோடி ரூபாய். ஐந்து மண்டல அலுவலகங்களில் ஒன்று சென்னை. இப்படியாக, ஒரு தனியார் நிறுவனத்தின் தலைமையகமாகத் தொடங்கி அரைகுறையாக நின்ற கட்டடம், அரசுக் கழகத்தின் தென்மண்டல அலுவலகமாக முடிந்தது. 177 அடி உயரம், 87 லட்சம் ரூபாய் செலவு. 1959 ஆகஸ்ட் 23 அன்று நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். அன்று இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அது. 1961இல் பம்பாயில் உஷா கிரண் எழுந்தபோதுதான் அந்தப் பெருமை கைமாறியது. சென்னையிலோ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அதைவிட உயரமாக எதுவும் எழவில்லை.

அந்த உயரத்தை அன்றைய கண்ணோடு பார்க்கவேண்டும். சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டிய நகரம் சென்னை. அலுவலகம் என்றால் பாரிமுனையும் மவுண்ட் ரோடும்; அங்கும் சில மாடிகளே. பாரி நிறுவனத்தின் டேர் ஹவுஸ் 1940இல் எழுந்தபோது அதுவே பெரிய கட்டடமாகப் பேசப்பட்டது. அதற்கு மேல் தலை நிமிர்த்திப் பார்க்க வேண்டுமென்றால் கோயில் கோபுரமும், கலங்கரை விளக்கைத் தலையில் தாங்கிய உயர்நீதிமன்றக் கோபுரமும்தான். கான்கிரீட் சட்டகத்தின் மேல் எழுந்த இந்த அலுவலகம் எல்லாவற்றையும் சிறிதாக்கிவிட்டது. ஊரிலிருந்து சென்னைக்கு வந்து இறங்கும் நாயகன் அதை அண்ணாந்து பார்க்கும் காட்சி தமிழ்ப் படங்களில் எத்தனை முறை வந்திருக்கிறது என்பதை நினைத்தாலே போதும்.

அப்பா இந்தப் படத்தை வீட்டில் வைத்துப் பாதுகாக்கவில்லை. காப்பீட்டு விண்ணப்பப் படிவங்களோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டு, பர்கூர், காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, மத்தூர் என்று சைக்கிளில் சுற்றினார். அன்றைய குடியானவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இருபது வருஷம் பணம் கட்டச் சொல்கிறீர்களே, அந்தப் பணத்தை எங்கே வைத்திருக்கிறார்கள்? அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. நாட்டுடைமைக்கு முந்தைய பத்தாண்டுகளில் மட்டும் 25 ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் மூடப்பட்டன. கட்டிய பணம் திரும்பாதவர்கள் நிறையப்பேர். அரசின் கைக்கு வந்த பிறகும் சந்தேகம் தீரவில்லை. கழகத்தின் பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளில் போடப்பட்ட விவகாரம் 1957இல் நாடாளுமன்றத்தில் வெடித்து, நீதிபதி சாக்ளாவின் விசாரணை நடந்து, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். கட்டடத்தைத் திறந்துவைக்கும் இடத்தில் மொரார்ஜி தேசாய் இருந்ததற்கே அதுதான் காரணம். இந்தச் செய்திகளெல்லாம் டீக்கடை நாளிதழ் வழியாகப் போச்சம்பள்ளிச் சந்தை வரை வந்து சேர்ந்திருந்தன. கழகச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி பாலிசித் தொகைக்கு மத்திய அரசே பொறுப்பு என்று அப்பா விளக்குவார். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு பையிலிருந்து படத்தை எடுத்து, “இதோ, இங்கதான் வச்சிருக்காங்க, நானே போய்ப் பார்த்துட்டு வந்தேன்” என்று நீட்டுவார். கையெழுத்து அப்போதுதான் விழும் என்பார் அம்மா.

காப்பீட்டு நிறுவனங்கள் ஏன் ஊரின் நடுவில் பெரிய கட்டடம் கட்டின என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. அவர்கள் விற்பது கண்ணுக்குத் தெரியாத சரக்கு. இருபது வருடம் கழித்து நாங்கள் இருப்போம் என்ற வாக்கு அது. துணிக்கடைக்காரர் துணியை விரித்துக் காட்டலாம். வாக்கை விரித்துக் காட்ட முடியாது. கல்லிலும் கான்கிரீட்டிலும்தான் அதைக் காட்ட முடியும்.

ஆகவே படத்தின் சேதங்களுக்கும் ஒரு வரலாறு இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஸ்டுடியோக்காரர்தான். நான் பூஞ்சை, கறை, கிழிசல் என்று மட்டும் பார்த்தேன். அவர் மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார். மேல்புறம் பூஞ்சை, அது பெட்டியில் இருந்த காலத்தில் வந்தது. ஓரங்களில், சாய்த்துப் பார்த்தால் கண்ணாடிபோல் மின்னும் வெள்ளிப்படலம். கறுப்பு வெள்ளைப் படத்தின் வெள்ளி நாளடைவில் மேலே வருவதால் உண்டாவது. வலது கீழ்மூலையில் மட்டும் தாளின் மேற்பூச்சே தேய்ந்து வெளுத்திருந்தது. “இந்த மூலையைப் பல பேர் கட்டைவிரல் வச்சுப் பிடிச்சிருக்காங்க, டீச்சர். இது ஒரு ஆள் தேய்ச்ச தேய்மானம் இல்ல” என்றார். எனக்குச் சிறிது நேரம் பேச வரவில்லை. எத்தனையோ ஊர்களின் விவசாயிகளும் நெசவாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு சென்னையைப் பார்த்திருக்கிறார்கள்.

வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அவர் படத்தை 1200 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளிகள் என்ற அளவில், வருடினார் (ஸ்கேன் செய்தார்). இந்த அளவுப் படத்துக்கு அது சுமார் 2,800 புள்ளிகளுக்கு 4,250 புள்ளிகள் ஆகிறது. எட்டு அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் அச்சிட இதுவே தாராளம். இன்னும் கூட்டி வருடினால் என்ன என்று கேட்டேன். பெட்டிக் கேமராவின் எளிய வில்லை அதற்கு மேல் எதையும் பதிந்திருக்காது, தாளின் சொரசொரப்புதான் பெரிதாகும் என்றார். வருடிய கோப்பைத் திரையில் பெரிதாக்கி, இடதுபுறம் சேதமில்லாத பகுதியில் சன்னல் வரிசைகளை என் முன்னால் எண்ணினார். அந்த வரிசைகளின் கோடுகளைப் பூஞ்சை படிந்த வலதுபுறத்துக்கு நீட்டி, அங்கே கறைக்கு அடியில் விளிம்பு கொஞ்சமாவது தெரிகிறதா என்று பார்த்தார். விளிம்பு தெரிந்த இடத்தில் மட்டும் சன்னலை முழுமையாக்கினார். எதுவுமே மிஞ்சாத இரண்டு இடங்களில் சுவரின் சாம்பல் நிறத்தை மட்டும் விட்டுவிட்டார். அந்த இடங்கள் இப்போதும் மூடுபனி படிந்ததுபோல்தான் இருக்கின்றன. அதைக் குறையாக நான் கருதவில்லை.

உச்சியில் ஒரு சிறிய சிக்கல் இருந்தது. மேல்விளிம்பு வெளுத்துப்போயிருந்ததால் அங்கே பெயர்ப்பலகை இருந்ததா என்று தெரியவில்லை. இன்றைய படங்களைப் பார்த்துப் பலகை போடலாமே என்று என் தம்பி மகன் யோசனை சொன்னான். ஸ்டுடியோக்காரர் மறுத்துவிட்டார். 1975 ஜூலையில் இந்தக் கட்டடம் பெரிய தீவிபத்தைச் சந்தித்தது. 2023 ஏப்ரலில் உச்சியிலிருந்த பெயர்ப்பலகையிலேயே தீப்பற்றியது. இன்று நாம் காணும் தோற்றத்தை அப்படியே 1961க்குக் கொண்டுபோக முடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். வானத்தை வானமாகவே விட்டார்.

முகத்தைப் பற்றித்தான் எனக்கும் அவருக்கும் பேச்சு நீண்டது. மூலத்தில் அப்பாவின் முகம் இரண்டு மில்லிமீட்டர். 1200இல் வருடினால் உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை ஏறத்தாழ 95 புள்ளிகள். அவற்றிலும் பாதி மங்கல். இதிலிருந்து புருவத்தையும் இமையையும் வரவழைக்க வேண்டுமென்றால் எங்கிருந்தோ எடுத்து ஒட்டத்தான் வேண்டும், முதல் கடையில் நடந்ததும் அதுதான் என்று அவர் விளக்கியபோது மகளாக எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வேறு படத்திலிருக்கும் அப்பாவின் முகத்தைத் தருகிறேன், பொருத்துங்கள் என்றுகூடக் கேட்டேன். செய்யலாம், ஆனால் அப்போது இது 1961ஆம் வருடத்துப் படம் என்று நான் எழுதித் தரமாட்டேன் என்றார். வாடிக்கையாளரிடம் இப்படிச் சொல்லும் கடைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. கடைசியில் முகத்தில் இருந்த இரண்டு கீறல்களை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதை அப்படியே வைத்தார். சிறிய முகம்தான். ஆனால் தலையைச் சற்றே இடப்பக்கம் சாய்த்து நிற்கும் அந்த நிலை அப்பாவுடையதே. பேனாவும் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

தேய்ந்த மூலையை என்ன செய்வது என்று அவரே என்னிடம் கேட்டார். நிரப்பிவிடலாம், அல்லது விட்டுவிடலாம். நான் விடச் சொன்னேன். நிறம் கொஞ்சம் சமமாகும்படி மட்டும் செய்து, தேய்மானத்தின் வடிவத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

இரண்டாவது படம் அதே பயணத்தில் எடுத்தது. அப்பா அதில் இல்லை; கட்டடம் மட்டும். மவுண்ட் ரோட்டிலேயே உள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் அது. கோபுரங்களும் குவிமாடங்களும் வளைவுகளும் கொண்ட இந்தோ சாரசெனிக் பாணி. 1897இல் டபிள்யூ.இ. ஸ்மித் என்ற மருந்து வணிகருக்காக ஜே.எச். ஸ்டீஃபன் வடிவமைத்தார்; கார்டைல் கட்டடம் என்பது அதன் பழைய பெயர். 1934இல் பாரத் காப்பீட்டு நிறுவனம் வாங்கியது. 1956இல் மற்றவற்றோடு அதுவும் கழகத்துக்கு வந்தது. மருந்துக்கடையாகப் பிறந்து காப்பீட்டு அலுவலகமான ஒன்றையும், காப்பீட்டுக்காகவே பிறந்த ஒன்றையும் அப்பா ஒரே நாளில் படமெடுக்க வைத்திருக்கிறார் என்றால், தாம் நம்பி வந்த தொழிலின் இரண்டு தலைமுறைகளை அவர் தெரிந்தே பார்த்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2006இல் அந்தப் பழைய கட்டடத்தை இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போய்த் தடுத்தது. அதற்குள் சில பகுதிகள் போய்விட்டிருந்தன. அந்தச் செய்தியை நான் சொன்னதும் ஸ்டுடியோக்காரர் இந்தப் படத்தை இன்னும் கவனமாகக் கையாண்டார். இடிந்த பகுதி எதுவும் இந்தப் படத்தில் முழுதாக இருந்தால் அதற்கு மதிப்பு வேறு, அதில் ஒரு செங்கல்லைக்கூட நாம் சேர்க்கக்கூடாது என்பது அவர் சொன்ன காரணம். இந்தப் படத்தில் சேதம் குறைவு. கறை நீக்கி, வெளிச்சம் சமன்செய்து கொடுத்தார்.

செலவு பற்றி: முதல் படத்துக்கு வருடுவதற்கு 150 ரூபாய், சீரமைக்க 1,800, அச்சுக்கு 350, சட்டத்துக்கு 650, ஆக 2,950 ரூபாய். இரண்டாவதற்குச் சீரமைப்பு 900 மட்டும். அதற்குச் சட்டம் போடவில்லை. அரை மணி நேரக் கடையோடு ஒப்பிட்டால் இது ஐந்து மடங்குக்கும் மேல். திரையின் முன்னால் அவர் உட்கார்ந்த நேரத்தைக் கண்ணால் பார்த்த எனக்கு இது அதிகமாகத் தெரியவில்லை. பளபளப்பில்லாத தாளில் எடுத்த அச்சு நன்றாக இருக்கிறது. கறுப்பு, நீலமாகவோ பச்சையாகவோ சாயாமல் கறுப்பாகவே வந்திருக்கிறது. வண்ணம் ஏற்றுவதைப் பற்றிக் கேட்டபோது, அந்தச் சுவர் அன்று என்ன நிறம் என்று உறுதியாகத் தெரிந்தால் ஏற்றலாம் என்றார். எனக்குத் தெரியாது. பேச்சு அத்தோடு முடிந்தது.

குறைகளையும் சொல்லவேண்டும். பத்து நாளில் தருவதாகச் சொன்ன வேலைக்கு இருபத்து மூன்று நாளாயிற்று. திருமண மாதம், கல்யாண ஆல்பம் வேலை வந்துவிட்டது என்றார். முன்கூட்டியே ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லியிருக்கலாம், நான் இரண்டு முறை வீணாகப் படியேற வேண்டியிருந்திராது. அந்த மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம்தான். மூட்டுவலி உள்ளவர்கள் கீழேயிருந்து அழைத்தால் அவரே இறங்கி வருகிறார் என்பதை நான் பிறகே தெரிந்துகொண்டேன். மூலப்படத்தை வாங்கியதற்குச் சீட்டு எதுவும் தரவில்லை. ஒரே பிரதியாக உள்ள படத்தை ஒப்படைக்கும்போது ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டும். நானாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். கோப்பை முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அதில் வந்தது சுருங்கிய கோப்பு, சன்னல் வரிசைகள் ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தன. பென் டிரைவ் கொண்டுபோய்க் கேட்டபோது சுருக்காத டிஃப் கோப்பையும், சீரமைப்புக்கு முந்தைய வருடலையும் தயங்காமல் ஏற்றிக் கொடுத்தார். சட்டத்தின் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி. எங்கள் கூடத்தில் சன்னலுக்கு எதிரே மாட்டியதில் காலையில் வெளிச்சம்தான் தெரிகிறது, படம் தெரிவதில்லை. சட்டத்தை வேறு இடத்தில் போட்டுக்கொள்வது நல்லது. கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். நேராக ஒட்டினால் ஈரக்காலத்தில் படம் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும்.

பழைய படம் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தின் பின்புறத்தில் இருக்கும் எழுத்து, ஸ்டுடியோ முத்திரை, தேதி எதையும் அழிக்காமல் கொண்டுபோங்கள். அவர் முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான். படத்தில் இருக்கும் இடத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டு போனால் அவருடைய வேலையும் எளிதாகும், உங்கள் படமும் சரியாக வரும். எங்கள் படத்தின் பின்னால் அப்பா பென்சிலில் எழுதியிருந்தது “தலைமை ஆபீஸ், மெட்ராஸ், 1961” என்பது மட்டுமே. அந்த எழுத்தையும் தனியாக வருடி, சட்டத்தின் பின்னட்டையில் ஒட்டித் தந்திருக்கிறார். அதற்கு அவர் பணம் வாங்கவில்லை.